பாதையை விட்டு விலகிய ஒளிப்புள்ளி



விளையாடும்போது பிழை செய்துவிடுகிறீர்கள். அதைக் காண நடுவர் இல்லை. விளையாட்டுக் கருவியும் அதை அறியாது. உங்களுக்கு மட்டுமே தெரியும். அவ்வேளையில் வாய் திறப்பீர்களா?

1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி என்னும் கருவி இந்தக் கேள்வியை வீட்டுக் கூடத்திற்குள் கொண்டுவந்தது. தொலைக்காட்சியோடு இணைத்து வீட்டில் விளையாடுவதற்கென்று விற்கப்பட்ட முதல் கருவி அதுவே. அதற்கு வித்திட்டவர் ரால்ஃப் பேர். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1938-இல் பெற்றோருடன் அங்கிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். 1966-இல் நியூயார்க்கில் ஒரு பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோது அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. மறுநாளே அதை நான்கு பக்கங்களில் எழுதிவைத்தார்.

அந்தக் கருவியால் செய்ய முடிந்தது மிகவும் சொற்பம். கறுப்புத் திரையில் இரண்டு வெண்சதுரங்கள், பந்தாக ஒரு புள்ளி, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். ஒலி இல்லை, வண்ணம் இல்லை. படம் வேண்டுமானால், வண்ணம் அச்சிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைத் தொலைக்காட்சித் திரையின்மேல் ஒட்டவேண்டும். திரையில் இயல்பாக உண்டாகும் நிலைமின்சாரமே அதைப் பிடித்துக்கொள்ளும். பகடையும் சீட்டுகளும் விளையாட்டுப் பணமும் பெட்டிக்குள்ளேயே வந்தன.

அதனோடு வந்த பன்னிரண்டு விளையாட்டுகளில் ஒன்று 'ஸ்கீ'. இன்று அதைப் பேசுவோர் அரிது. அதே பெட்டியிலிருந்த மேசைப்பந்து விளையாட்டுக்கே வரலாற்றில் இடம் கிடைத்தது. தாளில் பனிமலைச் சரிவும் அதில் வளைந்து இறங்கும் பாதையும் வரையப்பட்டிருக்கும். இரண்டு திருகுகளைத் திருப்பி ஒளிப்புள்ளியை அப்பாதை வழியே இறக்கவேண்டும். பாதையோ தாளில் இருக்கிறது. கருவியின் அறிவில் இல்லை. புள்ளி விளிம்பைத் தாண்டி மரத்தின்மேல் ஏறினாலும் கருவி தடுக்காது, தண்டிக்காது. "தாண்டிவிட்டேன்" என்று சொல்லவேண்டியவர் திருகைப் பிடித்திருப்பவரே.

அதே ஆண்டின் இறுதியில் அட்டாரி நிறுவனத்தின் 'பாங்' வந்தது. அது பந்து பட்டால் ஒலித்தது. எண்ணிக்கையைத் திரையிலேயே காட்டியது. உலகம் அதன் பின்னே சென்றது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நானும் அதன் பின்னேதான் சென்றிருப்பேன்.

ஒடிசியை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் அதன் எளிமையைப் புகழ்கிறார்கள். அப்புகழ்ச்சியில் எனக்கு உடன்பாடில்லை. அந்த எளிமை எவரும் விரும்பித் தேர்ந்துகொண்டதன்று. பேரின் மாதிரிப் பெட்டியில் வண்ணம் இருந்தது. விலையைக் குறைப்பதற்காக அது நீக்கப்பட்டது. வறுமையைப் பின்னாளில் புண்ணியமாக்குவது நம் அனைவருக்கும் உள்ள பழக்கம். நம் சிறுவயதின் மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றியும் அப்படித்தானே பேசுகிறோம்!

எனினும் அந்த ஏக்கத்துக்குள் மெய்யான ஓர் இழப்பு இருப்பதாகவே கருதுகிறேன். கருவி கணக்கு வைக்காதபோது, கணக்கு மனிதருக்கு இடையில் நின்றது. சண்டை வந்திருக்கும், மூத்தவன் ஏமாற்றியிருப்பான், இளையவள் அழுதிருப்பாள். ஆயினும் ஒவ்வொரு முறையும், சொல்வதா மறைப்பதா என்று ஒரு பிள்ளை தனக்குள்ளே தீர்மானிக்க நேர்ந்தது. இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசி விளையாட்டில் அந்தத் தருணமே எழுவதில்லை. சுவரில் மோதினால் கருவி நிறுத்துகிறது. நிறுத்தவில்லையென்றால் அது அனுமதிக்கப்பட்டது என்று பொருள். பிடிபடாதது பிழையன்று என்னும் பாடத்தை எவரும் கற்பிக்காமலே அவர்கள் கற்றுக்கொள்வார்களோ என்பதே என் அச்சம். அப்பாடத்தோடு வளர்ந்த பிள்ளை நாளை ஒரு கடையின் கல்லாவில் அமரும். தேர்வறையில் விடைத்தாள் திருத்தும்.

கைப்பேசியைப் பறித்துவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இந்த வாரம் ஒரு மாலை கேரம் பலகையை எடுத்து வையுங்கள். எண்ணிக்கையை உங்கள் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். ஒரு காயைக் கூட்டிச் சொன்னால், நீங்கள் கண்டிருந்தாலும் உடனே திருத்தாமல், சற்று நேரம் காத்திருங்கள்.