கணக்குப் பார்க்க மலை ஏறும் பட்டதாரி

பி.காம். படித்த பிள்ளைக்குத் தணிக்கை வேலை கிடைத்தது என்றால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? மின்விசிறிக்கு அடியில் ஒரு மேஜை. கையில் சிவப்புப் பேனா. கூட்டல் கழித்தல் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம்!

எல்லாத் தணிக்கையும் அப்படி அல்ல. மலை ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய தணிக்கையும் உண்டு. அதற்குச் "சமூகத் தணிக்கை" என்று பெயர். தர்மபுரி மாவட்டம் சித்தேரி போன்ற மலை ஊராட்சிகளில் இந்த வேலை எப்படிப்பட்டது? அதனால் ஏழை ஜனங்களுக்கு என்ன நன்மை?

பழைய வழக்கம்

செலவு செய்தவர் ஒருவர். அந்தக் கணக்கைச் சரிபார்ப்பவர் வேறொருவர். இதுதான் தணிக்கை.

தமிழ்நாட்டுக்கு இது புதிது அல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில், உத்திரமேரூரில் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்பது அங்கே கண்ட விதி. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே கதிதான்!

சட்டம் சொல்வது

2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டத்தை ஜனங்கள் "நூறு நாள் வேலை" என்றே அறிவார்கள். அந்த வேலையின் கணக்கைக் கிராம சபையே தணிக்கை செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு கூறியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது தணிக்கை நடக்க வேண்டும் என்று 2011-ல் விதிகள் வந்தன.

இந்த யோசனை சர்க்கார் அலுவலகத்தில் மட்டும் பிறந்தது அல்ல. ராஜஸ்தானில் 1994-ல் கூலிக்காரர்கள் ஊர்ப் பொதுவில் கூடிப் பஞ்சாயத்துக் கணக்கை உரக்கப் படிக்கச் செய்தார்கள். "இந்த வேலை நடந்ததா?" என்று கேட்டார்கள். தகவல் அறியும் உரிமைக்கும் அதுவே வழி காட்டியது.

நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக, 125 நாள் வேலை தரும் புதிய சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 டிசம்பரில் நிறைவேற்றியது. அதிலும் சமூகத் தணிக்கை உண்டு. ஆகவே இந்த வேலைக்கு இன்னும் தேவை இருக்கிறது.

சித்தேரியில் ஒரு நாள்

அரூருக்கு அப்பால், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது சித்தேரி. இங்கே பெரும்பாலும் வாழ்பவர்கள் "மலையாளி" என்ற பழங்குடி மக்கள். கேரளத்தவர் அல்ல, மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள். ஊராட்சி ஒன்றுதான். ஆனால் சிற்றூர்கள் மலையெங்கும் சிதறிக் கிடக்கின்றன. கலசப்பாடி, அரசநத்தம் முதலிய ஊர்க்காரர்கள் நல்ல சாலை கேட்டு ஆண்டுக்கணக்கில் மன்றாடியது பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்தை வரவழைப்பது சுலபம். அந்த ஊர்களுக்குப் போய்ச் சேருவதுதான் பாடு!

தணிக்கைக்கு வருபவர் அதே ஊராட்சியைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்பது விதி. உறவுக்காரர், வேண்டியவர் என்ற தாட்சண்யம் வரக்கூடாது அல்லவா?

காலையில் முதல் வேலை பதிவேடு. யார், எந்த வேலைக்கு, எத்தனை நாள் வந்தார், எவ்வளவு கூலி போயிற்று என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வீடு வீடாக நடை.

"பாட்டி, போன மாசம் எத்தனை நாள் வேலைக்குப் போனீங்க?"

"ஆறு நாள் தம்பி."

பதிவேட்டில் பன்னிரண்டு நாள் இருந்தால் என்ன செய்வது? உடனே "திருட்டு" என்று எழுதிவிடலாமா? கூடாது! மருமகள் போன நாளும் அதே வேலை அட்டையில் சேர்ந்திருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம். பாட்டிக்கு நாள் மறந்திருக்கலாம். வேலை அட்டையைப் பார்க்க வேண்டும். வங்கிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டாரையும் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் பேனாவைத் திறக்கலாம்.

உச்சி வெயிலில் வேலை நடந்த இடத்துக்குப் போக வேண்டும். பண்ணைக் குட்டை வெட்டியதாகக் கணக்கு இருந்தால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் நாடா பிடித்து அளக்க வேண்டும். மழையில் மண் சரிந்து ஆழம் குறைந்திருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். குட்டையே இல்லாவிட்டால்? அப்போது யோசிக்க ஒன்றும் இல்லை!

மத்தியானம் யார் வீட்டில் சாப்பிடுவது என்பதுகூடச் சின்ன விஷயம் அல்ல. கணக்குக் காட்ட வேண்டியவர் போட்ட விருந்தைச் சாப்பிட்டுவிட்டு அவர் கணக்கில் குறை எழுதக் கை வருமா?

படம் பிடித்தால் போதுமா?

இப்போதுதான் செல்போன் இருக்கிறதே, மனிதர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2023 ஜனவரி 1 முதல் வேலைத் தலங்களில் செல்போனில் படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமாயிற்று. நடந்தது என்ன? வேலைக்குத் தொடர்பில்லாத படங்களும், படத்தையே படம் எடுத்ததும் பதிவேறுவதாக 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது! கருவி படத்தை வாங்கிக்கொள்ளும். பாட்டியிடம் போய்க் கேட்காது.

2025-26-ல் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய். 20 பேரின் பெயரில் 10 நாள் பொய் வருகை போட்டால் 67,200 ரூபாய் போய்விடும். ஒரு குடும்பத்துக்கு 200 நாள் கூலி அது.

குறை எங்கே?

தணிக்கை முடிந்ததும் கிராம சபை கூடுகிறது. கண்டதை அங்கே எல்லோர் முன்னும் படிக்க வேண்டும். அறிக்கை ஊர் மொழியில் இருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் தம் பெயரை அதில் தேடலாம்.

ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. தணிக்கை செய்பவர் குற்றத்தைக் காட்டலாம். பணத்தை வசூலிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது மேலதிகாரிகள் கையில் இருக்கிறது. நாடு முழுவதும் பார்த்தால், முறைகேடு என்று கண்டுபிடித்த தொகையில் சிறு பகுதிதான் திரும்பி வந்திருக்கிறது. அறிக்கை பீரோவில் தூங்கினால், அடுத்த முறை பாட்டி வாய் திறப்பாரா? "சொல்லி என்ன ஆச்சு தம்பி?" என்பார்!

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. தவறாகப் போன பணத்தைக் காலக்கெடு வைத்து வசூலிக்க வேண்டும். எவ்வளவு வந்தது என்பதை அடுத்த கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும்.

ஜனங்களுக்கும் கடமை உண்டு. வேலைக்குப் போன நாளை வீட்டுக் காலண்டரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். வேலை அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பிறர் கையில் விட்டு வைக்காதீர்கள். கிராம சபை கூடும் நாளில் தவறாமல் போங்கள். மலை ஏறி வரும் பட்டதாரிக்கு அந்தக் காலண்டர் கோட்டைவிட நல்ல சாட்சி கிடைக்காது.