சனிக்கிழமையும் சடுகுடுவும்

வாரத்தின் ஐந்து நாள் நூலுக்கும் தேர்வுக்கும் ஆட்பட்டுக் கழிகின்றன. எஞ்சிய இரண்டு நாளே மாணவர் தமக்கென உடையவை. அவற்றை எதற்கு ஈகின்றனரோ, அதனைக் கொண்டே அவர்தம் உள்ளம் எங்குளது என அறியலாம். நம் இளைஞருட் பலர் உள்ளம் ஆட்டக்களத்தில் உளது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. கபடிப் பருவத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, திருவள்ளூரினின்றும் திருநின்றவூர் வழியாகச் சென்னை செல்லும் மின்சார இரயிலில் ஏறினாற் போதும். எவன் எத்தனை புள்ளி ஈட்டினான், எவன் கணுக்காலைப் பற்றினான், நடுவர் கூறியது முறையோ என்னும் வழக்குகள் ஆவடி வருமுன் தொடங்கி, சென்ட்ரல் சேர்ந்தும் தீர்வதில்லை. ஆயின் அவ்வழக்குகள் எல்லாம் தொலைக்காட்சியிற் கண்ட ஆட்டத்தைப் பற்றியனவே. அதே சனிக்கிழமை தம் கல்லூரி அணி யாரோடு ஆடிற்று என வினவின், விடையிறுப்பார் அரியர். இவ்வேறுபாடு பற்றியே ஈண்டுச் சில சொல்ல விழைகின்றோம்.

சடுகுடு நம் நாட்டார்க்குப் புதிதன்று. எழுவர் கொண்டது ஓரணி. 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடைய களம் நடுக்கோட்டால் இரு பாதியாகும். ஒருவன் தம் கட்டிப் பாடிக்கொண்டே மாற்றார் பாதியுட் புகுந்து, தொட வல்லாரைத் தொட்டு, 30 விநாடிக்குள் மீள வேண்டும். எதிரணியார் அவனை மீளவொட்டாது பிடித்தல் வேண்டும். புறப்பொருள் பயின்றார்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். பகைப்புலம் புகுந்து ஆநிரை கவர்தல் வெட்சி. கவர்ந்தாரை மறித்து மீட்டல் கரந்தை. பாடிச் செல்வோன் வெட்சியான், பிடிப்போர் கரந்தையார். அமெரிக்கர் காற்பந்து என வழங்கும் ஆட்டமும் இவ்வினத்ததே. பெயர் காற்பந்தாயினும், பந்தைக் கையிலேந்தி ஓடுதலே அதிற் பெரும்பான்மை. பதினொருவர் ஓரணியாக நின்று, நான்கு முயற்சிக்குள் பத்துக் கெசம் நிலம் முன்னேறல் வேண்டும். மண்ணாசையால் மேற்செல்லும் வஞ்சி அஃது எனலாம். இரண்டும் உடலோடு உடல் பொரும் ஆட்டங்கள். இரண்டிலும் தொழிலாக ஆடுவோர் ஒருபாலும் கல்லூரியில் ஆடுவோர் ஒருபாலும் உளர். ஆதலின் அந்நாட்டார் இவ்விரு பாலாரையும் எவ்வாறு வைத்துள்ளனர் என நோக்குதல் நமக்குப் பயன் தரும்.

முதற்கண் நம் நிலையைக் காண்போம். 2014 ஜூலைத் திங்களில் எட்டு அணிகளோடு 'புரோ கபடி லீக்' தொடங்கிற்று. 2017இல் அணிகள் பன்னிரண்டாயின; 'தமிழ் தலைவாஸ்' பிறந்தது அப்பொழுதே. அவ்வணியின் அன்பர் கூட்டத்தில் எமக்கும் இடமுண்டு. அவ்வன்பு எளிதாய்க் காக்கத்தக்கதன்று. 2017இலும் 2018இலும் நம் அணி தன் பிரிவில் இறுதியில் நின்றது. 2019இல் பன்னிரண்டு அணியுள் பன்னிரண்டாவதாயிற்று. 2022இல் பவன் ஷெராவத் என்னும் பெருவீரரை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தனர். முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்கால் பழுதுற்றது. இனி ஏது கதி என யாவரும் சோர்ந்திருந்த வேளையில், அப்பருவத்திலேதான் முதன்முறை லீகிற் கால்வைத்த நரேந்தர் என்னும் இளைஞர், பாடிச் சென்றே 243 புள்ளிகள் ஈட்டி, அணியை அரையிறுதிவரை ஏற்றிச் சென்றார். அங்குப் புனே அணியிடம் 39–37 எனத் தோற்றோம். தோல்வியே ஆயினும் அன்பர்க்கு அது மறக்கவொண்ணாப் பருவம். கோடி கொடுத்து வாங்கிய தோள் வீழ்ந்தபொழுது, பெயரறியா இளைஞன் ஒருவன் தோளே தாங்கிற்று.

அத்தகைய இளைஞர் எங்கிருந்து வருகின்றனர்? ஏல மண்டபத்தில் எவரும் பிறப்பதில்லை. சிற்றூர்ப் புழுதியிலும் பள்ளி மைதானத்திலும் கல்லூரிக் களத்திலும் பயின்றே வருகின்றனர். 1994இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டில் பொன் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசனார், தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூரினர். 2016இல் நாற்பது வயதைக் கடந்த பின்னும் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கி லீகை வென்று தந்த தர்மராஜ் சேரலாதன், தஞ்சைத் தரணியினர். அவர் பாட்னாவிற்கு வெற்றி தேடித் தர, அடுத்த ஆண்டு இமாசலப் பிரதேசத்து அஜய் தாக்கூர் தமிழர் அணிக்குத் தலைவராயினார். இது குற்றமன்று, தொழில் என்றால் கூலி தரும் ஊருக்குச் செல்லுதல் இயல்பே. ஆயின் தொழில் அணியின் பெயர் மட்டுமே ஓர் ஊருக்கு உரியதாகலாம் என்பதனையும், ஆடுவாரும் காண்பாரும் ஒரே மண்ணினராய் நிற்பது கல்லூரி அணியிலேயே என்பதனையும் இது காட்டும்.

அக்கல்லூரி அணியின் நிலை யாது? நம் அணியினருட் சிலர் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிற்சாலைகளில் மாற்றுமுறை வேலை பார்ப்பார் மக்கள். விடியலில் எழுந்து பயிற்சி செய்து, வகுப்பிற்கு ஓடி, மாலையில் மீண்டும் களத்தில் இறங்குகின்றனர். ஆட்டநாளில் தாமே கல் பொறுக்கி, நீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு இடுகின்றனர். இத்துணையும் செய்து களத்தில் நின்று நோக்கின், காண வந்தார் விரல்விட்டு எண்ணத்தக்கார். விடுதி அறைகளினின்று மட்டும் ஆரவாரம் கேட்கின்றது. அஃது அலைபேசியில் ஓடும் பழைய லீக் ஆட்டத்திற்கு எழுந்த ஆரவாரம்! மற்றொரு குறையும் உண்டு. பெரும்போட்டிகள் இன்று விரிப்பின்மேல் நடக்கின்றன. நம்மவர் பயில்வதோ மண்ணில். மண்ணில் வெறுங்காலோடு பழகிய கால், காலணி பூண்டு விரிப்பில் ஏறியவுடன் திரும்பும் வகை அறியாது தடுமாறுகின்றது. ஆற்றல் குறையன்று இது, பழக்கக் குறை.

இனி அமெரிக்க நாட்டை நோக்குவோம். அங்கு இவ்வாட்டம் கல்லூரியிலேயே பிறந்தது. ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரியார் 1869 நவம்பர் 6ஆம் நாள் ஆடியதே முதல் ஆட்டம் எனக் கொள்வர். இன்று பெயர்பெற்ற தொழில்முறை லீக் அதற்கு ஐம்பதாண்டு பிற்பட்டு, 1920இல் தோன்றிற்று. இளையது பணத்தால் மூத்ததனை விஞ்சியது, ஆயினும் விழுங்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்து அரங்கில் இன்றும் நூறாயிரத்திற்கு மேற்பட்ட இருக்கைகள் உள்ளன. காரணம் யாது? சனிக்கிழமை கல்லூரிக்கு, ஞாயிற்றுக்கிழமை தொழிலணிக்கு என நெடுநாள் வழக்கம் அங்கு நிலைபெற்றது. தொலைக்காட்சி வந்து அவ்வழக்கத்தை அழிக்கும் நிலை தோன்றியபொழுது, 1961இல் சட்டமே காவலாயிற்று. அணிகள் ஒருங்கு சேர்ந்து ஒளிபரப்புரிமையை விற்கலாம் என்னும் சலுகையை அச்சட்டம் தொழில் லீகிற்கு அளித்தது. கல்லூரி ஆட்டப் பருவத்துச் சனிக்கிழமைகளில் அவ்வாட்டங்களோடு மோதி ஒளிபரப்பின் அச்சலுகை செல்லாது எனவும் வரையறுத்தது. பின் வந்த திருத்தத்தால் பள்ளிகளின் வெள்ளியிரவு ஆட்டத்திற்கும் அக்காவல் கிடைத்தது. ஆண்டுதோறும் கல்லூரி வீரரைத் தெரிந்தெடுக்கும் முறை 1936இல் தொடங்கியபொழுது, கடைசியில் நின்ற அணிக்கே முதல் உரிமை தரப்பட்டது. அவ்வாறு முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட சிக்காகோப் பல்கலைக்கழகத்து ஜே பெர்வாங்கர் தொழிலாட்டம் ஆடவே இல்லை. கல்லூரிக் களமே போதும் என அமைவாரும் அந்நாளில் இருந்தனர்.

அங்கு எல்லாம் நலமே என யாம் கூறவில்லை. 2021 முதல் கல்லூரி வீரர் தம் பெயராலும் புகழாலும் பொருளீட்ட இசைவு பெற்றனர். 2025 முதல் கல்லூரிகளே அவர்க்கு நேரே பணம் தரலாயின. உழைப்பார்க்கு ஊதியம் முறையே. ஆயின் மிகுபொருள் தரும் கல்லூரிக்கு ஆண்டுதோறும் தாவும் வழக்கமும் உடன் வளர்ந்தது. அதனை நாம் பின்பற்ற வேண்டா. நாம் கொள்ளத்தக்கது ஒன்றே: எளியார் ஆட்டத்திற்கு வலியார் ஒரு நாளை விட்டுக்கொடுத்தல்.

இக்கருத்துக்கு அமெரிக்கச் சட்டமே சான்றாக வேண்டும் என்பதில்லை. எம்மூர்த் திருநின்றவூருக்கே அது பழங்கதை. யாம் கிறிஸ்தவரேனும், எம்மூர்க் கதை என்னும் உரிமையாலும் தமிழ் பயில்வோம் என்னும் உரிமையாலும் அதனைக் கூறுகின்றோம். பொருள் தேடியும் கிட்டாத பூசலார், மனத்துள்ளே நாளும் கல் அடுக்கிக் கோயில் எடுத்தார் எனச் சேக்கிழார் பெரியபுராணத்துட் கூறுவர். காஞ்சியில் பெரும்பொருள் செலவிட்டுக் கற்கோயில் எடுத்த மன்னனும், பூசலாரும், குடமுழுக்கிற்குக் குறித்தது ஒரே நாள். அந்நாள் நின்றவூர்ப் பூசலாருக்கு உரியது, நின் நாளை மாற்றுக என இறைவன் மன்னன் கனவிற் கூறினானாம். மன்னனும் சினவாது, அவ்வெளியவரைக் காண நின்றவூருக்கே வந்தான். வலியவன் நாளை ஒத்திவைத்தமையால் அவன் கோயிலுக்கு இழிவு ஒன்றும் நேரவில்லை.

இங்கு ஓர் எதிர்ப்பு எழும். "லீக் வருமுன் சடுகுடுவை யார் மதித்தார்? இன்று ஆடுவார்க்குச் சோறும் புகழும் தருவது அதுவன்றோ?" என்பர். உண்மையே. முன்னாளில் சடுகுடு ஆடுவார் பெற்ற பெரும்பேறு இரயில்வேயிலோ காவற்றுறையிலோ மின்வாரியத்திலோ ஒரு வேலையே. அஃது இன்றும் பல குடும்பங்களைக் காக்கின்றது. அதற்கு மேலும் ஒரு வாயிலை லீக் திறந்தது. அதனை யாம் வெறுக்கவில்லை. அதன் ஆட்டத்தை இன்னும் விழித்திருந்து காண்போம். எமது குறை இதுவே: பருவம் வந்தால் அது பெரும்பாலான மாலைகளைக் கொள்கின்றது, சனிக்கிழமையைப் பிறர்க்கென விடுவதில்லை. லீகிற் சேர்வோர் சிலரே. சேராத பலருக்கு, கல்லூரியில் ஆடும் மூன்றாண்டே வாழ்நாளின் ஆட்டப் பருவம் முழுவதும். அம்மூன்றாண்டும் ஆளில்லாக் களத்தில் ஆடிக் கழியுமாயின், அவர்க்கு நாம் என்ன மறுமொழி சொல்வோம்?

லீகிற்கு ஆணையிட எமக்கு வலியில்லை; சனிக்கிழமை ஒன்றனை விடுக என வேண்டிக்கொள்ளலாம், அவ்வளவே. நம் கையில் உள்ளனவற்றை நாம் செய்யலாம். ஆசிரியப் பெருமக்கள், நம் களத்து ஆட்டங்களைச் சனிக்கிழமை மாலைக்கே குறித்து, அந்நேரத்தில் சிறப்பு வகுப்பு வையாதிருப்பாராக. பழைய மாணவப் பெரியோர், ஆண்டுவிழாவிற்கு ஈயும் பொருளில் ஒரு பங்கினை ஆட்ட விரிப்பு ஒன்றனுக்கு ஈவாராக. இயலாதார், தம் பிள்ளைகளோடு வந்து ஒருமணி நேரம் கோட்டருகே நின்றாலும் போதும். மாணவத் தோழரே, நாற்பது நிமிடத்தில் முடியும் ஆட்டம் இது, இடைவேளை நீங்கலாக. அலைபேசியைப் பைக்குள் வைத்துக் களத்திற்கு வாருங்கள். பாடிச் செல்வோன் உங்கள் வகுப்பினன். அவன் மூச்சு அங்கே உங்கள் செவிக்கே கேட்கும்.