எத்தனை வாட், தம்பி?

“அண்ணா, ஒண்ணே கால் லட்ச ரூபா மெஷின், எண்பத்தஞ்சுக்கு வருது. இன்னிக்கு நைட்டோட ஆஃபர் முடியுது. எடுத்துடலாமா?”

ஆடி பிறந்தால் என் கடையில் அடிக்கடி கேட்கிற வசனம் இது. சென்னைப் புறநகர் அஸ்தினாபுரத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பொறியியல் கலந்தாய்வும் ஆடித் தள்ளுபடியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருவதால், பையனுக்கு சீட் கிடைத்த கையோடு லேப்டாப் பேச்சும் தொடங்கிவிடும். கேமிங் லேப்டாப்பாக வாங்கினால் கோடிங், வீடியோ எடிட்டிங், ஏஐ எல்லாமே ஓடும் என்பது அவன் அப்பாவிடம் வைக்கும் வாதம். வாலரன்ட் கேமும் ஓடும் என்பதை என்னிடம் மட்டும் சொல்வான். நான் திருப்பிக் கேட்பது, “கிராபிக்ஸ் கார்டு எத்தனை வாட், தம்பி?” உடனே பதில் சொல்கிறவர்கள் அபூர்வம்.

‘ஆர்டிஎக்ஸ் 4060’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எல்லா 4060-உம் ஒன்று என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த லேப்டாப் சிப்பை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் செய்கிற கம்பெனியின் கையில் இருக்கிறது. மெல்லிசான மாடலில் சூடு தாங்காது என்பதால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள், வேகமும் குறையும். ஸ்டிக்கர் மட்டும் அதே ஸ்டிக்கர். அப்படிக் குறைத்துவிட்ட 4060-ஐ முழு வாட்டில் ஓடும் 4050 எட்டிப் பிடித்துவிடும், சில கேம்களில் தாண்டியும் போகும். 4050-க்கு 6 ஜிபி, 4060-க்கு 8 ஜிபி என்று கார்டின் சொந்த நினைவகத்தில் வித்தியாசம் உண்டுதான். புதிதாக வரும் பெரிய கேம்களுக்கு அந்த 2 ஜிபி தேவைப்படும். வாலரன்ட்டுக்கு வேண்டியதில்லை.

பெயரில் இருக்கும் குழப்பம் இதோடு நிற்கவில்லை. 3050 என்ற ஒரே பெயரில் 4 ஜிபியும் வந்தது, 6 ஜிபியும் வந்தது. டெஸ்க்டாப் 4070-இல் 12 ஜிபி, லேப்டாப் 4070-இல் 8 ஜிபி, சிப்பே வேறு. 2021-இல் இந்தச் சிப்களைத் தரும் நிவிடியாவே வாட் கணக்கை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று கம்பெனிகளிடம் கேட்டது. அவர்களும் சொல்கிறார்கள், தங்கள் இணையதளத்தின் விவரப் பட்டியலில் எங்கோ அடியில். ‘40% ஆஃப்’ என்று பெரிய எழுத்தில் போடுகிற விளம்பரத்தில் அதைத் தேடிப் பிரயோஜனமில்லை.

அடிமூடியைக் கழற்றினால் மற்ற கதைகள் தெரியும். ரேம் ஸ்லாட் இரண்டு இருக்கும், ஒன்று காலியாக இருக்கும். ஒரே 16 ஜிபி குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகள் கேமில் வேகமாக ஓடும். இரண்டு பாதையில் போக்குவரத்து நடக்கும் அல்லவா. “அப்புறமா ஒண்ணு போட்டுக்கலாம்ணா” என்பார்கள். முன்பு நானும் தலையாட்டியிருப்பேன். ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகத்தை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்றவர்களுக்கு விற்கும் ‘குரூஷியல்’ ரேம் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே ரேம் எவ்வளவு வேண்டுமோ அதை வாங்கும்போதே வாங்கிவிட வேண்டும். காலி ஸ்லாட்டை நம்பிப் பட்ஜெட் போடக்கூடாது.

திரையில் நடக்கும் சிக்கனம் கண்ணுக்கே தெரியும். 144 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பார்கள், சந்தோஷம். பக்கத்திலேயே நிற அளவு ‘45% என்டிஎஸ்சி’ என்று இருந்தால் சிவப்பு சிவப்பாக இருக்காது, வெளுத்துத் தெரியும். வீடியோ எடிட்டிங் செய்யப்போகிறேன் என்று சொல்லி அப்பாவைச் சம்மதிக்க வைத்த பையன் அந்தத் திரையை வாங்கக்கூடாது. ‘100% எஸ்ஆர்ஜிபி’ என்று இருப்பதைத் தேட வேண்டும். கீபோர்டில் நான்கு நிறத்தில் விளக்கு எரிவதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை.

எல்லாவற்றையும்விட நம் ஊருக்கு முக்கியம் சூடு. மே மாதம் மீனம்பாக்கத்தில் 40 டிகிரியைத் தாண்டியது என்று செய்தியில் சொன்னால், அது நம் தெரு வெயில்தான். விளம்பரத்தில் சொல்லும் வேகமெல்லாம் ஏசி அறையில் அளந்த வேகம். இங்கே பையன் மாடி அறையில், ஃபேனுக்குக் கீழே, மெத்தை மேல் வைத்து ஆடுகிறான். காற்று உள்ளே போகும் துளைகள் மெத்தையில் புதைந்துவிடும். சிப் தன் சூட்டு எல்லையைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வாட் அங்கேயே போயிற்று. சர்வீஸுக்கு வரும் மெஷின்களில் ஹீட் சிங்க் துடுப்புகளை அடைத்துக்கொண்டு தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். சாமணத்தால் இழுத்தால் ஒரே துண்டாக வரும். தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொரிந்திருக்கும். ஒற்றை ஃபேன் மாடலும் இரட்டை ஃபேன் மாடலும் ஐயாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் கிடைத்தால் யோசிக்காமல் இரட்டை ஃபேனை எடுங்கள்.

விலைக்கு வருவோம். அடித்துப் போட்ட ஒண்ணே கால் லட்சம் என்பது பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி. அந்த விலைக்கு அதை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். போன மாதம் என்ன விலைக்கு விற்றது, ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்று பில்லோடு என்ன சொல்கிறார்கள், இந்த இரண்டோடும் ஒப்பிட்டால்தான் தள்ளுபடி எவ்வளவு என்று தெரியும். பல சமயம் விளம்பரத்தின் நாற்பது சதவீதம் ஏழெட்டு சதவீதமாகச் சுருங்கிவிடும். அதிலும் பாதி குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டு இருந்தால் மட்டும்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’யும் அப்படித்தான். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. 85,000 ரூபாயை 9 மாதத் தவணையில் கட்டினால், ஆண்டு வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் சுமார் 5,400 ரூபாய் வட்டி இருக்கும். அதை முன்கூட்டியே விலையில் கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய், நம் கார்டு பில்லில்தான் வரும். பிராசசிங் ஃபீஸ் தனி.

எதை முதலில் முடிவு செய்வது என்ற விஷயத்தில் அரசு டெண்டரைப் பாருங்கள் என்றால் சிரிப்பீர்கள். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியபோது, திரை எவ்வளவு, ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று தமிழக அரசு நிறுவனமான எல்காட் முதலில் எழுதி வைத்தது. பிறகுதான் விலை கேட்டது. நம் வீடுகளில் விலை முதலில் வருகிறது, தேவையை அதற்குத் தகுந்தாற்போல் கண்டுபிடிக்கிறோம். 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு அரசு கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. சி, பைத்தான், ஜாவா படிக்க அது போதும். பிளெண்டர், சாலிட்வொர்க்ஸ் மாதிரி முப்பரிமாண வேலை என்றால் கார்டு வேண்டும். மற்றபடி கூடுதலாகக் கொடுக்கும் பணம் விளையாட்டுக்குத்தான். விளையாடுவது தப்பில்லை, அப்பாவிடம் அப்படியே சொல்லிவிடலாம்.

தினமும் மின்சார ரயிலில் போகப்போகிறவன் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல் மெஷின், செங்கல் கனத்துக்கு அடாப்டர். அடாப்டர் இல்லாமல் பேட்டரியில் ஓட்டினால் கார்டு பாதி வேகம்கூடத் தராது. வீட்டை விட்டு வெளியே போகாத மெஷின் என்றால் அதே பணத்தில் டெஸ்க்டாப் நன்றாகவே அமையும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் மட்டும் லேப்டாப்காரன் ஜெயிப்பான்.

என் கணக்கில் உண்மையான தள்ளுபடி ஒன்றுதான்: புது வரிசை வந்து பழைய வரிசையைத் தள்ளிவிடும் நேரத்தில் கிடைப்பது. 2025-இல் 50 வரிசை லேப்டாப்கள் வந்தன. அதனால் கடையில் தங்கிவிட்ட 40 வரிசையில், 100 வாட்டுக்கு மேல் ஓடும் 4060, இரண்டு குச்சியாக 16 ஜிபி, நல்ல திரை, இரட்டை ஃபேன், முழு வாரன்டியோடு கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். பட்ஜெட் எட்டவில்லை என்றால் கார்டில் ஒரு படி இறங்குங்கள். ரேமிலும் திரையிலும் இறங்க வேண்டாம். கடைக்குப் போனால் டெமோ மெஷினில் நிவிடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் அதிகபட்ச வாட் எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்கிற கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.