இந்தியக் கூடைப்பந்து அணித் தேர்வு: 12 பேர் பட்டியலுக்கும் ரங்கத்துக்கும் இடையிலான தொலைவு

ரங்கத்: இந்தியக் கூடைப்பந்து அணி அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும், 12 பேர் பட்டியலில் யாருக்கு இடம் கிடைத்தது, யார் விடுபட்டார் என்ற விவாதம் எழுவது வழக்கம். பஞ்சாபுக்கு எத்தனை இடம், தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம், மூத்த வீரர்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பா, இளையோருக்கு வழிவிடுவதா என்றே அந்த விவாதம் சுழல்கிறது. மத்திய அந்தமான் தீவிலுள்ள ரங்கத் போன்ற ஓர் ஊரிலிருந்து பார்க்கும்போது வேறொரு கேள்வி முதன்மை பெறுகிறது. 12 பேரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னர், தேர்வாளர்களின் பார்வைக்கு யாரெல்லாம் கொண்டுவரப்படுகிறார்கள் என்பதே அந்தக் கேள்வி.

ஜெட்டா உணர்த்திய பாடம்

2025 ஆகஸ்டில் சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய ஆடவர் அணி ஜோர்டான், சீனா, சவூதி அரேபியா ஆகிய அணிகளுடன் ஒரே பிரிவில் ஆடியது. ஜோர்டானுக்கு எதிரான முதல் ஆட்டத்தைக் கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்ற இந்தியா, 84-91 என்ற கணக்கில் தோல்வியடைந்தது. எஞ்சிய இரு ஆட்டங்களிலும் தோற்றதால் பிரிவுச் சுற்றுடன் வெளியேறியது. இதே இந்திய அணிதான், பயிற்சியாளர் ஸ்காட் பிளெமிங்கின் முந்தைய பொறுப்புக் காலத்தில், 2014-ஆம் ஆண்டு சீனாவின் ஊஹான் நகரில் அந்நாட்டு அணியை 65-58 என்ற கணக்கில் வீழ்த்தி வியப்பில் ஆழ்த்தியது.

ஆட்டத்தின் அமைப்பைக் கவனித்தால், பட்டியலின் கடைசிப் பெயர்களுக்கும் எவ்வளவு மதிப்பு உண்டு என்பது விளங்கும். ஓர் ஆட்டம் 40 நிமிடங்கள் நீடிக்கிறது. களத்தில் ஒரே நேரத்தில் 5 பேர் ஆடுகிறார்கள். அதாவது, மொத்தம் 200 ஆட்ட நிமிடங்களை 12 பேர் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஐந்து தவறுகள் செய்தவர் வெளியேற நேரிடும். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் செல்லும்போது முதல் ஐவர் களைத்திருப்பார்கள். அப்போது ஒன்பதாவது, பத்தாவது வீரரின் தரமே முடிவைத் தீர்மானிக்கக்கூடும். முதல் ஐந்து அல்லது ஆறு பெயர்களில் பொதுவாகக் கருத்து வேறுபாடு இருப்பதில்லை. எஞ்சிய இடங்களில்தான் தேர்வுக் குழுவின் பார்வையும், அந்தப் பார்வையின் எல்லையும் வெளிப்படுகின்றன.

பட்டியல் உருவாகும் பாதை

தேசிய அணிக்கான பாதை பெரும்பாலும் மாநில அணிகள், துறை அணிகள் வழியாகவே செல்கிறது. ரயில்வே, ராணுவம், எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம், இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மாநில மின்வாரியம் போன்ற நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் பயிற்சிக்கான நேரமும் அளிக்கின்றன. தேசிய சாம்பியன்ஷிப் போட்டிகளிலும் துறை அணிகளுக்கான தொடர்களிலும் கவனம் ஈர்ப்பவர்கள் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படுகிறார்கள். சர்வதேசத் தகுதிச்சுற்றுகளுக்கு முதலில் 24 பேர் கொண்ட பட்டியல் அளிக்கப்பட்டு, அதிலிருந்து ஆட்டத்துக்கான 12 பேர் இறுதி செய்யப்படுகிறார்கள்.

இப்பாதையில் சிறிய பிரதேசங்களுக்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, தேசிய சாம்பியன்ஷிப்பில் வலுவான அணிகள் ஒரு நிலையிலும் ஏனைய அணிகள் மற்றொரு நிலையிலும் பிரிக்கப்பட்டு ஆடுகின்றன. கீழ்நிலை அணியில் ஆடுபவர் 30 புள்ளிகள் குவித்தாலும், எதிரணியின் தரம் என்ன என்ற ஐயம் தேர்வாளருக்கு எழும். இரண்டாவது, வேலை தரும் துறை அணி அருகில் இல்லாத இடங்களில், பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆட்டமும் முடிந்துவிடுகிறது. தொழில்முறைத் தொடர்கள் இக்குறையை நீக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், 2015-இல் தொடங்கிய யு.பி.ஏ. தொடர் 2017-உடன் நின்றுபோனது.

நாடா அளந்த சத்னாம், கடிகாரம் கண்ட தீவு வீரர்கள்

கிராமத்துச் சிறுவர்களுக்குக் கூடைப்பந்தில் வழியே இல்லை என்று கூறிவிட முடியாது. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தைச் சேர்ந்த சத்னாம் சிங், 2015-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியால் 52-ஆவது தேர்வாக எடுக்கப்பட்டு, அமெரிக்காவின் என்.பி.ஏ. வரைவுத் தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர் ஆனார். அவரை வளர்த்தெடுத்தது, பயிற்சியாளர் எஸ். சுப்பிரமணியன் வழிநடத்திய லூதியானா கூடைப்பந்து அகாடமி. சிறுவயதிலேயே வியக்கத்தக்க உயரம் பெற்றிருந்த சத்னாமுக்கு அந்த உயரமே அறிமுகக் கடிதமாக அமைந்தது. அவரை ஏற்றுக்கொள்ள அதே மாநிலத்தில் ஓர் அகாடமியும் இருந்தது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளும் தேசிய அணிகளுக்கு வீரர்களை அளித்துள்ளன. 2004 ஆழிப்பேரலையில் சிறுமியாக உயிர் தப்பிய டெபோரா ஹெரால்டு, மிதிவண்டிப் பந்தயத்தில் இந்தியாவின் முன்னணி வீராங்கனையாக உயர்ந்தார். ஈசோ ஆல்பென், 2018-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக இளையோர் தடப் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அடுத்த ஆண்டு ஜெர்மனியில், இந்திய அணி உலக இளையோர் விரைவோட்டக் குழுப் பிரிவில் தங்கம் வென்றபோது அவர் அதில் முக்கியப் பங்கு வகித்தார். நிக்கோபாரைச் சேர்ந்த டேவிட் பெக்காம், கேலோ இந்தியா போட்டிகளில் தங்கம் வென்று கவனம் பெற்றார்.

மக்கள்தொகையில் மிகச் சிறிய ஒரு பிரதேசம் மிதிவண்டிப் பந்தயத்தில் சாதித்ததற்கு, தலைநகரில் இந்திய விளையாட்டு ஆணையம் அளித்த பயிற்சி ஒரு காரணம். அவ்விளையாட்டின் தன்மை மற்றொரு காரணம். ஓட்டத் தடத்தில் 200 மீட்டரை ஒருவர் எத்தனை விநாடியில் கடந்தார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடுகிறது. அந்த எண் டெல்லிக்குச் சென்றாலும் மாறுவதில்லை. கூடைப்பந்திலோ, தடுப்பாட்டத்தில் கால் எடுத்து வைக்கும் விதம், பந்து கையில் இல்லாதபோது நகரும் அறிவு, நெருக்கடியில் எடுக்கும் முடிவு ஆகியவற்றை நேரில் கண்டே மதிப்பிட வேண்டியுள்ளது. பார்ப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் இத்திறன்கள் பதிவாவதே இல்லை.

ரங்கத்திலிருந்து தொடங்கும் பயணம்

வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1.05 லட்சம். ஒன்றியப் பிரதேசம் முழுவதற்கும் அது 3.8 லட்சம். இவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ரங்கத்திலும் வங்காள மொழி பேசுவோருடன் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன.

ரங்கத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவிக்குக் கூடைப்பந்தில் திறமை இருப்பதாக வைத்துக்கொள்வோம். போர்ட் பிளேர் என்று முன்னர் அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் தேர்வுப் போட்டி நடந்தால், அவர் சுமார் 170 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அந்தமான் பெருஞ்சாலையில் பாராடாங் தீவைக் கடந்து, மிடில் ஸ்ட்ரெயிட் நீரிணையை வாகனப் படகில் தாண்டிய பின், ஜாரவா பழங்குடியினருக்கான காப்புப் பகுதி வழியாகக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே காவல் துறைப் பாதுகாப்புடன் வாகனங்கள் அணிவகுத்துச் செல்ல முடியும். பழங்குடியினரின் வாழ்வைக் காக்கும் இக்கட்டுப்பாடு அவசியமானது. எனினும், ஒரு நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த அணிவகுப்புக்குக் காத்திருக்க நேரும். தலைநகரை அடைந்த பின், சென்னைக்குக் கப்பலில் செல்ல ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம் என்றாலும், அதன் கட்டணம் எல்லாக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியதன்று.

மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் தீவுகளில் பொழிகின்றன. மே முதல் டிசம்பர் வரை மழைக்காலம் நீள்வதால், திறந்தவெளிச் சிமெண்ட் தளத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் தொடர்ச்சியாகப் பயிற்சி செய்ய இயலாது. ஈரத் தளத்தில் பந்து வழுக்கும். திசை மாற்றி ஓடும்போது முழங்கால் காயமடையும். கூரையிட்ட அரங்கில் ஆண்டு முழுவதும் ஆடும் சென்னை அல்லது லூதியானா மாணவருடன் ரங்கத் மாணவியை ஒரே முகாமில் நிறுத்தினால், வெளிப்படும் வேறுபாட்டில் எவ்வளவு திறமையால் வந்தது, எவ்வளவு தளத்தால் வந்தது என்று பிரித்தறிவது கடினம்.

மறுதரப்பு வாதம்

தேர்வாளர்கள் தரப்பிலும் நியாயம் உள்ளது. பணமும் நேரமும் குறைவாக இருக்கும்போது, பல தலைமுறைகளாக வீரர்களை உருவாக்கிவரும் பஞ்சாப், தமிழ்நாடு, கேரளம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் கவனம் செலுத்துவது பயன் தரும் என்பது அவர்களின் வாதம். இந்திய மகளிர் அணியின் முன்னாள் தலைவியும் 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவருமான அனிதா பால்துரை, சென்னையின் வலுவான கூடைப்பந்துப் பண்பாட்டிலிருந்து உருவானவர். நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் தீவுகளிலிருந்து தேசியத் தரமுள்ள வீரர் கிடைக்கும் வாய்ப்பு இயல்பாகவே குறைவு. மேலும், பயிற்சியாளர் தம் ஆட்டத் திட்டத்துக்கு ஏற்ற வீரரைத் தேர்வு செய்யும் உரிமையை எந்த அளவுகோலும் பறித்துவிடக் கூடாது.

மற்ற நாடுகள் வேறு வழியையும் கையாளுகின்றன. சர்வதேசக் கூடைப்பந்து விதிகள், குடியுரிமை பெற்ற ஒரு வெளிநாட்டு வீரரை அணியில் சேர்க்க அனுமதிக்கின்றன. பிலிப்பைன்ஸ், 2023-இல் ஜஸ்டின் பிரவுன்லீக்குக் குடியுரிமை வழங்கியது. அதே ஆண்டு உலகக் கோப்பையில் சீனா, அமெரிக்காவில் பிறந்த கைல் ஆண்டர்சனைக் களமிறக்கியது. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் மட்டுமே நாட்டின் சார்பில் ஆடலாம் என்பது 2008 முதல் அரசின் கொள்கையாக உள்ளது. இதனால், என்.பி.ஏ.-வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரரான கனடாவின் சிம் புல்லர் போன்றோருக்கு இந்திய அணியின் கதவு திறக்கவில்லை. இக்கொள்கையைத் தளர்த்துவது பற்றிய விவாதம் தொடர்கிறது. கடல் கடந்த திறமையைத் தேடும் முனைப்பில் ஒரு பகுதியேனும், கடலுக்கு நடுவே உள்ள இந்தியக் குடிமக்களை நோக்கித் திரும்புவது பொருத்தமாக இருக்கும்.

சட்டம் எதுவரை உதவும்?

அணித் தேர்வில் தவறு நேர்ந்தால் நீதிமன்றம் தலையிட்ட முன்னுதாரணங்கள் உள்ளன. 2021-இல், தேசிய முகாமில் பங்கேற்றால்தான் அணியில் இடம் என்ற மேசைப்பந்துச் சம்மேளனத்தின் விதியை எதிர்த்து மணிகா பத்ரா வழக்குத் தொடுத்தார். ஆசிய சாம்பியன்ஷிப் அணியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டிருந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விதிக்குத் தடை விதித்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், தேசிய விளையாட்டு வாரியத்தையும் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயத்தையும் அமைக்க வழிவகுக்கிறது. சம்மேளனங்களின் நிர்வாகத்தில் விளையாட்டு வீரர்களின் குரலுக்கும் பெண்களுக்கும் இடம் அளிக்கிறது. விளையாட்டு தொடர்பான தகராறுகள் பல நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் தேங்காமல் தீர்ப்பாயத்தில் விரைவாக முடிவுறும் என எதிர்பார்க்கப்படுகிறது.

எனினும், தீர்ப்பாயத்தின் கதவைத் தட்ட ஒருவர் முதலில் பட்டியலின் அருகிலாவது வந்திருக்க வேண்டும். மணிகா பத்ரா ஒலிம்பிக் வீராங்கனை. அவரது தரவரிசையே அவருக்குச் சான்றாக நின்றது. ஒருமுறையும் தேர்வாளர் கண்ணில் படாத மாணவிக்கு எதை எதிர்த்து முறையிடுவது என்பதே தெரியாது. அவருக்கு இழைக்கப்படும் புறக்கணிப்புக்கு ஆணையோ கடிதமோ எதுவும் இல்லை.

சாத்தியமான வழிகள்

இதற்குப் பெரும் நிதி தேவையில்லாத மூன்று வழிகள் உள்ளன. முதலாவதாக, முகாமுக்கு அழைக்கப்படுவதற்கான அளவுகோல்களை முன்கூட்டியே வெளியிடலாம். உயரம், கை நீளம், குதிக்கும் உயரம், களத்தின் முக்கால் பகுதியை ஓடிக் கடக்கும் நேரம், எறிதல் துல்லியம் ஆகியவற்றை எந்தப் பள்ளி ஆசிரியரும் அளவு நாடா, நிறுத்துக் கடிகாரம் ஆகியவற்றைக் கொண்டு பதிவு செய்ய இயலும். இவை ஆட்டத் திறனை முழுமையாகக் காட்டாவிட்டாலும், யாரை நேரில் சென்று பார்ப்பது என்பதை முடிவு செய்ய உதவும்.

இரண்டாவதாக, தொலைதூரப் பகுதி ஆட்டங்களின் காணொளிப் பதிவுகளை முறையாகப் பெற்றுப் பார்வையிடலாம். ஒரு கைபேசியும் உயரமான ஓர் இடமும் இதற்குப் போதும்.

மூன்றாவதாக, டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான மூவர் கூடைப்பந்தைத் தீவுகளில் வளர்க்கலாம். முழுக் களம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. மூவர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ அதில் பாதி இடம் போதும் என்பதால் கூரை அமைக்கும் செலவும் குறையும். மாற்று வீரரையும் சேர்த்து அணிக்கு நால்வர் இருந்தால் போதும் என்பதால் பயணச் செலவும் குறையும். மேலும், அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஆடும் ஒவ்வொருவருக்கும் தனிநபர் தரவரிசைப் புள்ளிகள் கிடைக்கின்றன. மிதிவண்டி வீரர்களுக்குக் கடிகாரம் அளித்ததைப் போல, யாருடைய பரிந்துரையும் இன்றித் தன் பெயருக்கு எதிரே ஓர் எண்ணைப் பெறும் வாய்ப்பு இதனால் உருவாகிறது.

இவ்வளவும் செய்த பின்னரும் ரங்கத்திலிருந்து ஒருவர் 12 பேர் பட்டியலில் இடம்பெறாமல் போகலாம். அவரை விடச் சிறந்தவர்கள் இருந்ததால் அவ்வாறு நேர்ந்தது என்றால், அது முறையான தேர்வு. அதற்கு முன், அவர் ஆடுவதை ஒருவரேனும் பார்த்திருக்க வேண்டும்.