கடைசி இடம் பிடித்தால் கோப்பை கிடைக்குமா? ஐஸ் ஹாக்கி டிராஃப்ட் கணக்கு என்ன?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்-லில் இளம் வீரர்களை எடுக்க ஏலம் கிடையாது. ஆண்டுதோறும் டிராஃப்டில் அணிகள் வரிசையாக வீரர்களைத் தேர்வு செய்யும். முதல் தேர்வு யாருக்கு என்பதை குலுக்கல் முடிவு செய்யும். அதில் கடைசி இடத்து அணிக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அப்போ, தோற்றால் லாபமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2015-ல் கடைசி இடம் பஃபலோவுக்கு. ஆனால் குலுக்கலில் ஜெயித்தது எட்மன்டன். கானர் மெக்டேவிட் அங்கே போனார். 2-வது தேர்வான ஜாக் ஐக்கல்தான் பஃபலோவுக்குக் கிடைத்தார்.

எட்மன்டன் என்ன ஆனது?

2010, 2011, 2012-லும் முதல் தேர்வு அவர்களுக்கே. 2012-ல் எடுத்த நெயில் யாகுபோவ் சோபிக்கவில்லை. மெக்டேவிட் கலக்கினாலும் 2024, 2025 இறுதிச் சுற்றுகளில் ஃப்ளோரிடாவிடம் தோல்விதான்.

கோப்பை யாருக்கு?

2017-ல் களமிறங்கிய வேகாஸ், முதல் தேர்வே கிடைக்காமல் 2023-ல் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. பஃபலோவிடமிருந்து டிரேடில் வாங்கிய ஐக்கல் அந்த அணியில் இருந்தார்!

காரணம் சிம்பிள். 60 நிமிட ஆட்டத்தில் நட்சத்திர ஃபார்வர்டே சுமார் 20 நிமிடம்தான் ஐஸில் இருப்பார். மீதி நேரத்துக்கும் நல்ல ஆட்கள் வேண்டும். டெட்ராய்ட் 1998-ல் 171-வதாக எடுத்த பாவெல் டட்சூக் இரண்டு கோப்பைகள் வென்றார். முதல் தேர்வு கிடைப்பது அதிர்ஷ்டம். 171-வது இடத்தில் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.