காற்றின் கணக்கு யார் கையில்?

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் 30 காற்றாலைகள் கொண்ட அரசாங்கத் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. அதன் பின்னர் வந்த திட்டங்களையொட்டிக் காணி, பறவை, வெள்ளம் என்பன பேசப்பட்டன. பேசப்பட வேண்டியவையே. ஆயினும் அனைத்துக்கும் அடிப்படையான காற்றின் கணக்கைப் பற்றி அதிகம் பேசக் காணோம்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டி மதிப்பிட்டாலோ ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடித் தோன்றும். ஆகவேதான் கம்பம் நாட்டி ஓராண்டாவது அளந்து, அதனை நெடுங்காலப் பதிவுகளோடு ஒப்பிடுகின்றனர். சோளக மாதங்களை மட்டும் அளந்தவர் பங்குனி, சித்திரையின் அமைதியை அறியார். முன்னிற்கும் ஆலை பின்னிற்பதன் காற்றைக் குறைப்பதால், எந்த ஆலை எந்தக் காணியில் நிற்பது என்பதையும் இக்கணக்கே தீர்மானிக்கின்றது.

விலைக்கும் அதுவே அடிப்படை. ஆலையின் செலவை எதிர்பார்க்கும் அலகுகளின் மேல் பகிர்ந்தே விலை கேட்கப்படுகின்றது. காற்றைக் குறைத்துக் காட்டினால் அலகின் விலை உயரும். மிகுதியாக வீசும் காற்றின் இலாபம் கம்பனிக்கு. கூட்டிக் காட்டினால் எதிர்பார்த்த மின்சாரம் வாராது. எண்ணெய் எரித்து அக்குறையை நிரப்பும் செலவு மக்களுக்கு.

2024ஆம் ஆண்டில் அதானி கம்பனியின் மன்னார், பூநகரித் திட்டங்களுக்கு அலகு ஒன்றுக்கு 8.26 அமெரிக்க சதத்தை 20 ஆண்டுகளுக்கு அமைச்சரவை அங்கீகரித்தது. போட்டி விலைமனு மூலம் மன்னாரில் 50 மெகாவாற்றுத் திட்டமொன்றுக்குக் கிடைத்த விலையோ 4.65 சதம். 2025 பெப்ரவரியில் அதானி கம்பனி விலகிக்கொண்டது. இவ்வேறுபாட்டுக்குக் காற்று ஒன்றே காரணம் என நாம் கூறவில்லை. கணக்கைக் காணாத மக்களால் எது நியாய விலை என்று தீர்மானிக்க இயலாது என்றே கூறுகின்றோம்.

அது தொழில் இரகசியம் என்பர். அரச நிறுவனங்களின் கையிலுள்ள தகவலைப் பொறுத்தவரை, பொதுநலன் மேலோங்குமிடத்து அவ்வாறான மறுப்பு நில்லாது என்கின்றது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். காற்று வீசுவது நமது மண்ணில். கட்டணம் செலுத்துவோரும் நாமே. சாட்சியத்தை ஒரு கட்சிக்காரர் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டு, தீர்ப்பை மட்டும் ஏற்கச் சொல்வது எந்த நீதி?

காற்றாலையே வேண்டாம் என்பதன்று நமது வாதம். காணி அளக்குமுன் காற்றின் பதிவுகளும் வெள்ளம் வடியும் வழிகளின் படமும் மன்னார்க் கச்சேரியில் தமிழில் வைக்கப்படல் வேண்டும். நமது பொறியியலாளர் அவற்றைப் பரிசோதிக்கட்டும். நமது கமக்காரர் கேள்வி கேட்கட்டும். அதன் பின்னரே கையொப்பம்!