தக்காளி விதைக்கும் கடைக்குப் போகணுமா?

இயற்கை வழியில் தக்காளி போடும் நண்பர்களிடம் 'விதை எது?' என்று கேட்டுப் பாருங்கள். 'வீரிய ஒட்டுதாங்க' என்பார்கள். பஞ்சகவ்யா, மீன் அமிலம், ஐந்திலைக் கரைசல் எல்லாம் சொந்தத் தயாரிப்பு. விதை மட்டும் ஒவ்வொரு பட்டத்துக்கும் கம்பெனி பாக்கெட். இதைப் பாதி இயற்கை விவசாயம் என்றுதான் சொல்வேன். கோபப்பட்டாலும் பரவாயில்லை.

பூசணி, வெள்ளரியில் விதை எடுப்பது கொஞ்சம் சிரமம். பக்கத்து வயல் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்துவிடும். தக்காளி அப்படியில்லை, பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கிற செடி. ரகங்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டாலே போதும். நோயில்லாமல் நல்லாக் காய்த்த ஏழெட்டுச் செடிகளில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். செடியிலேயே பழுத்த பழத்தைப் பிழிந்து, சாற்றோடு ஒன்றிரண்டு நாள் புளிக்க விடணும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். புளித்தால் அது கழன்றுவிடும். பிறகு அலசினால் சொத்தை மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைத்தால் மூன்று வருஷம் தாங்கும்.

வீரிய ஒட்டில் இதையே செய்தால் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது.

'நாட்டுத் தக்காளிக்குத் தோல் மெலிசு, வண்டி ஏறினா நசுங்கிடும்' என்பார்கள். நியாயமான பேச்சுதான். உள்ளூர்ச் சந்தைக்கு அதைப் போடுங்கள். தூரத்துக்கு அனுப்ப பி.கே.எம்.1 இருக்கிறதே! அன்னஞ்சி என்ற உள்ளூர் வகையிலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய ரகம். ஒட்டு இல்லை, தாராளமாக விதை எடுக்கலாம்.

2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய அதே பழத்தை, வேறு மாதங்களில் பறிப்புக்கூலிகூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறோம். விலை நம் கையில் இல்லை. செலவு ஓரளவு நம் கையில் இருக்கிறது. பயிர்க்கடன் கோப்புகளை வருஷக்கணக்கில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விலை சரிந்த பட்டத்திலும் தலை தப்பியவர்கள், முதல் குறைவாகப் போட்டவர்களே.

உங்கள் பகுதிக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு பொட்டலம் தக்காளி விதை எடுத்துவாருங்கள். பிராண்டு பெயர் போடாமல் விதையை மாற்றிக்கொள்ளவும் விற்கவும் 2001ஆம் ஆண்டுச் சட்டமே உழவருக்கு உரிமை தந்திருக்கிறது. பொட்டலத்தின் மேல் ரகம், ஊர், விதை எடுத்த மாதம் மூன்றையும் எழுதிவிடுங்கள். வாங்குகிறவர் பிறகு உங்களைத் தேடி அலைய வேண்டாம் பாருங்க.